ரெமிக்கு என்று வாங்கியவை

1

"இது உனக்கா, இல்ல யாருக்காவது பரிசா?"

பழைய இசைத்தட்டும் பழைய புத்தகமும் விற்கிற கடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்ற முசியே பெலட்டியே (எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா) என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு நான் சொன்ன பொய்யிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு அது உங்கள் காலிலும் என் காலிலும் இடறிக்கொண்டிருக்க வேண்டாம்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பரிசு என்றால் பழுப்புத் தாளில் சுற்றி மேலே பெயரெழுதித் தருவார். இல்லையென்றால் அப்படியே தருவார். ஆனால் எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. கையில் செல்லோ மட்டும் தனியாக வாசித்த ஒரு தட்டு, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மருத்துவச்சியின் நாட்குறிப்பு. இந்த இரண்டையும் வாங்க உனக்கு என்ன தகுதி என்று அவர் கேட்டதாகவே என் காதில் விழுந்தது.

"அண்ணனுக்கு," என்றேன்.

எனக்கு அண்ணன் இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

"பேரு?" பேனா மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய்க்காரரின் வண்டி நின்றிருந்தது. அதன் கதவில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"ரெமி."

* அந்தக் குழாய்க்காரரை நான் பார்த்ததே இல்லை. இது அவர் கையில் கிடைத்தால் மன்னிக்க வேண்டும். நல்ல பெயர்.

2

இதற்கு முன்னால் நான்கு தொடக்கங்கள் எழுதினேன். இரண்டைக் கிழித்துவிட்டேன். மற்ற இரண்டையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதலாவது: "லூயிஸ்டனில் ஆறு உறைந்துகிடந்த ஒரு பிப்ரவரி மாலையில், மூடிய நூற்பாலைகளின் செங்கல் சுவர்களைப் பார்த்தபடி ஒரு தனிமையான பெண் —"

நிறுத்திவிட்டேன். ஆறு உறைவதற்கும் நான் பொய் சொன்னதற்கும் சம்பந்தம் கிடையாது. தவிர அது அக்டோபர், ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'தனிமையான பெண்' என்பதை அம்மா படித்தால், "தனிமையா? அப்போ தினம் உனக்கு பீன்ஸ் வேக வெச்சுப் போடறது யாரு, பேயா?" என்பாள்.

இரண்டாவது: "ரெமி தீபோவுக்கு இருபத்திரண்டு வயது. இடது காது கொஞ்சம் மந்தம். அதனால்தான் தட்டு கேட்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்வான்."

இந்தக் குறிப்பேட்டில் இதுவரை எழுதியதில் இதுதான் நல்ல பத்தி. இல்லாத ஒருவனைப் பற்றி எழுதினால் எனக்கு வாக்கியம் நிற்கிறது. என்னைப் பற்றி எழுதினால் விழுந்துவிடுகிறது. (இதோ: "என் பெயர் ஒடீல் தீபோ. வயது பதினேழு. நான்" — பார்த்தீர்களா.)

3

நான் ஒரு பேக்கரியின் பின்பக்கம் ட்ரே கழுவுகிறேன். மாவு ஒட்டிய ட்ரேக்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பதினோராம் வகுப்பில் எல்லோரும் ஐந்து நிமிஷம் எழுந்து நின்று பேச வேண்டும் என்றார்கள். நாலு தடவை நின்றேன். நாலு தடவையும் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. டீச்சர் நல்லவர், "பரவாயில்ல, அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரம் நான் பஸ் ஏறவில்லை. அவ்வளவுதான், இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

சம்பளத்தில் வீட்டுக்குப் போக, மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். தேவைக்கு உள்ள பணத்துக்கு வழி தெரியும், தானாக நடந்துபோய்விடும். மிச்சப் பணம் அப்படி இல்லை. அது மடியில் உட்கார்ந்துகொண்டு, 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்கும். ஒரு தட்டா, இரண்டு புத்தகமா? கீறல் விழுந்த பெரிய இசையா, கீறலில்லாத சின்ன இசையா? பெலட்டியே கடையில் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் கேட்கலாம். புத்தகமென்றால் நான் ஐம்பதாம் பக்கத்தைப் படிப்பேன். முதல் பக்கத்தில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் இருப்பார்கள்.

ஆனால் இப்போது கேள்வி மாறிப்போயிற்று. ரெமிக்கு என்ன பிடிக்கும்?

"என்ன சொன்னான் உன் அண்ணன்?" என்றார் பெலட்டியே, அடுத்த மாதம்.

"ரெண்டாவது பக்கம் நல்லா இருக்குன்னான்."

"நானும் அதத்தான் சொல்றேன்! எவனும் திருப்பிப் போட்டுக் கேக்கறதில்ல. நேர்ல வரச் சொல்லேன் பயல."

"அவனுக்கு இடது காது மந்தம். கூட்டம்னா கூச்சம்."

"இங்க எங்கம்மா கூட்டம்? நானும் தூசியும்தான்."

கடைக் கல்லாவில் ஒரு தகரப் பெட்டி உண்டு. என்ன தட்டு, என்ன புத்தகம் வேண்டுமோ அதைக் கார்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம், வந்தால் அவர் எடுத்துவைப்பார். கார்டில் மூன்று வரிகள்: பெயர், வேண்டியது, ஏன். மூன்றாவது வரியை எல்லோரும் காலியாக விடுவார்கள். ரெமி விடவில்லை. அவனுக்கு அந்த வரி போதாமல் பின்பக்கத்துக்கும் ஓடினான். முன்னால் வாங்கியதைப் பற்றியும் அதிலேயே எழுதினான். பெலட்டியே அவற்றில் சிலவற்றை எடுத்து, சீட்டாக அலமாரியில் குத்திவைக்கத் தொடங்கினார். உதாரணத்துக்கு ஒன்று:

"ஒரு கப்பல் சமையல்காரன் தானே எழுதியது. முதல் நாற்பது பக்கமும் கடல்நோய். பொறுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் தீர்ந்துபோகிற இடத்தில் நீங்களும் பசியோடு உட்கார்ந்திருப்பீர்கள். — ரெமி."

புத்தகம் ஒரே வாரத்தில் போய்விட்டது.

* ரெமியின் கருத்துகள் முன்னுக்குப்பின் முரணாகாமல் இருக்க எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. நாலு தட்டு இருக்க வேண்டிய ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்தது, உள்ளே மூன்றுதான் இருந்தன. நாலாவதின் இடத்தில் என் குறிப்பேடு இருக்கிறது. அம்மா அதை இசை என்றே நினைத்துத் தூசி தட்டுகிறாள்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. பனிச்சறுக்கு அரங்கத்தில் ஆர்கனில் வாசிக்கிற வால்ட்ஸ் நடன இசைத் தட்டு ஒன்று கடையில் வெகுநாளாகக் கிடந்தது. அட்டையில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு குண்டு மனிதர். அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், முழங்கால் ஆடும். பதினோரு தடவை எடுத்தேன், பதினோரு தடவையும் திரும்ப வைத்தேன். ரெமி அதை வாங்கமாட்டான். அவன் பெரிய ரசிகனாகிவிட்டான்.

4

இங்கே ஒரு வாசகி குறுக்கிடுகிறாள். (நான்தான், மறுநாள் காலையில்.) லூயிஸ்டன் சின்ன ஊர். தீபோ வீட்டில் பையன் கிடையாதென்று பெலட்டியேவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? நம்பும்படி இல்லையே.

பதில்: அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆபர்னில். எங்களுக்கு அது வேறு நாடு.

தெரிந்திருக்கக்கூடியவள் ஒருத்தி உண்டு. மதாம் பூஷே, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு வருஷம் எங்கள் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தினாள். பதினோரு வருஷமும் அந்த வாசலிலிருந்து ஏறியது ஒரே பிள்ளை. நான் நின்றுவிட்ட பிறகும் இரண்டு வாரம் வந்து நிறுத்தி, கதவைத் திறந்து, கொஞ்சம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனாள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அந்த மதாம் பூஷேதான் ரெமியின் சீட்டுகளுக்கு முதல் வாடிக்கை. அவள் உள்ளே நுழைந்தால் நான் போல்கா நடன இசைத் தட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை அவளும் பெலட்டியேவும் (அவளுக்கு அவர் வெறும் நார்மன்) பேசிக்கொண்டது இது:

"நார்மன், இந்தக் கடைய நீ தொடைக்கறதே இல்லையா? தும்மித் தும்மி உயிரு போகுது."

"தூசி இருந்தாத்தான் மதாம் பழைய கடை. தொடைச்சா வெறும் காலிக் கடை."

"சோம்பேறிக்கு வியாக்கியானம் வேற. அந்த ரெமி சீட்டு வெச்சது புதுசா ஏதாவது இருக்கா?"

"கப்பல் சமையக்காரன் புடிச்சுதா?"

"வெங்காயம் தீர்ற எடத்துல பஸ்ஸ ஓரங்கட்டிட்டேன். பயப்படாத, பிள்ளைங்கள எல்லாம் எறக்கினப்புறம்தான்."

"தீபோ வீட்டுப் பையன் அவன். உங்க ரூட்டாச்சே, சின்னப் பையனா இருந்தப்போ பாத்திருப்பீங்களே?"

அக்கார்டியன் வைத்திருந்த ஒரு ஆள் அட்டையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என் பஸ்ஸுல அறுபது வாலுங்க," என்றாள் மதாம் பூஷே. "கண்ணாடியில எனக்குத் தெரியறது பாதி மண்டைதான். எவ்வளவு ஆச்சு, சொல்லு."

இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கதாசிரியராக இந்த இடத்தில் அவள் மனதுக்குள் புகுந்து பார்க்க எனக்கு உரிமை உண்டு என்கிறார்கள். நான் புகவில்லை. பயம்தான்.

5

போன வாரம் பெலட்டியே சொன்னது:

"ஏம்மா, வாரக்கடைசில எனக்கு ஒத்தாசைக்கு வர்ற நம்ம எத்தியேன் கல்யாணம் பண்ணிக்கிட்டு போர்ட்லாண்ட் போறான். சனி ஞாயிறு கடைக்கு ஆள் வேணும். உன் அண்ணன வரச் சொல்லு."

நான் கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அவனுக்குக் காது இருக்கு. மந்தமா இருந்தாலும் காதுதான். இந்த சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா எங்க பெர்னாரோட மருமகனைத்தான் போட்டாகணும். அவனுக்கு போல்காவுக்கும் பூனை கத்தறதுக்கும் வித்தியாசம் தெரியாது."

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இந்தக் கதையில் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ட்ரே கழுவும்போது நான் அந்தக் கடையின் அலமாரிகளை மனதுக்குள் மாற்றி மாற்றி அடுக்குவேன். ஆறு மாதமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இடம் காலியாகி, அதை ரெமிக்குக் கொடுக்கிறார்கள்.

அவனை என்ன செய்வது? குறிப்பேட்டில் மூன்று வழி முயன்றேன்.

(அ) ரெமி அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான். — இடது காது மந்தமானவனைப் படகில் யார் சேர்ப்பார்கள்? சேர்த்தாலும் எனக்கு வேலை கிடைக்காது. அலாஸ்காவிலிருந்து கார்டு வேறு எழுதச் சொல்வார்.

(ஆ) ரெமி இறந்துவிட்டான். — இரண்டு பக்கம் எழுதினேன், அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் தோன்றியது: பெலட்டியே சும்மா இருக்கமாட்டார். கறுப்புக் கோட்டும், துக்க வீட்டுக்கென்று சுட்ட இறைச்சிப் பணியாரமுமாக வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் "உங்க பையனைப் பத்தி..." என்று ஆரம்பிப்பார். அம்மா அந்தப் பணியாரத்தை வாங்கிக்கொண்டுதான் "எந்தப் பையன்?" என்று கேட்பாள்.

(இ) உண்மை. — இதை எழுதவில்லை. வெறும் தலைப்போடு அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

6

சனிக்கிழமை காலை. பையில் மிச்சப் பணம் முப்பத்தெட்டு டாலர். கடையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பெலட்டியே விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அவன்?"

வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததேதான் நடந்தது. தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலிக் கார்டு ஒன்றை எடுத்தேன்.

பெயர்: ஒடீல் தீபோ.

வேண்டியது: சனி ஞாயிறு வேலை.

ஏன்: பின்பக்கம் பார்க்கவும்.

பின்பக்கத்தில்: "ரெமியின் கார்டுகள் முப்பத்தொன்றும் நான் எழுதியவை. தட்டுகளையெல்லாம் நான்தான் கேட்டேன். மன்னிக்கவும்."

அவர் முன்பக்கம் படித்தார். பின்பக்கம் படித்தார். பெட்டியைத் திறந்து ரெமியின் கார்டுகளைச் சீட்டாட்டத்தில் போல மேஜையில் பரப்பி, என் கார்டை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ ரெமி?"

தலையை ஆட்டினேன்.

"ஐயோ. செத்துட்டானா?"

"இல்ல." குரல் வந்துவிட்டது, எங்கிருந்தென்று தெரியவில்லை. "பொறக்கவே இல்ல."

பெலட்டியே முக்காலியில் உட்கார்ந்தார். கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஊருக்கு வருவதாகச் சொன்னவர் வராமல்போனதும் ஏமாந்து நிற்பவரின் முகம்போல இருந்தது அவர் முகம்.

"பதினாலு மாசம்," என்றார். "அவன் வந்தா கேக்கட்டும்னு அந்த ஹெட்ஃபோன்ல வலது பக்கத்த நானே பிரிச்சு ரிப்பேர் பண்ணி வெச்சேன். தெரியுமா உனக்கு?"

"நல்லா கேக்குது."

"என்னது?"

"வலது பக்கம். முன்ன கரகரன்னு இருந்துச்சு. இப்போ நல்லா கேக்குது, முசியே."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒன்று செய்தார், கார்டுகள் பறந்தன. நான் குனிந்து பொறுக்கினேன். பொறுக்கி நிமிர்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது. நனைந்த பூட்ஸை நாள் முழுக்கப் போட்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றினால், காலுக்கு இருக்குமே, அப்படி. அவர் என்னைத் திட்டலாம், துரத்தலாம். எதுவானாலும் என்னைத்தான் செய்வார்.

நேராகப் போய் அந்தச் சறுக்கு அரங்கத்துத் தட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். பழுப்புத் தாளை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்று திரும்பிவந்தது.

"இதையா?" என்றார். "இந்த வால்ட்ஸையா? கர்மம். ரெமியா இருந்தா இதத் தொட்டிருக்கமாட்டான்."

"ஆமா," என்றேன். "அவன் அப்படித்தான்."

பணத்தை வாங்கிக்கொண்டார். சில்லறை கொடுத்தார். பிறகு என் கார்டை விரலில் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எழுத வருது, சரி. கேக்கவும் வருது. ஆனா கடைக்கு வர்றவன் வாயால கேப்பான், நீயும் வாயால பதில் சொல்லணும். ஒவ்வொருத்தனுக்கும் பின்பக்கம் பார்க்கவும்னு கார்டா நீட்டுவ?"

நியாயமான கேள்வி.

7

இப்போது முடிவு. இங்கே ஒன்றை எழுதி அடித்திருக்கிறேன்:

"கண்ணாடிக் கதவுக்கு அருகில் உயரமான ஓர் இளைஞன் நின்றிருந்தான். தலையை இடப்பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தான். பிறகு பனியில் இறங்கி —"

அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. தவிர அவன் வலப்பக்கம்தான் சாய்ப்பான், நல்ல காது அந்தப் பக்கம். பதினாலு மாதம் கூடவே வைத்திருந்தவனை நானே தப்பாக எழுதுகிறேன் என்றால் அவன் ஏற்கெனவே போய்விட்டான் என்றுதான் அர்த்தம்.

வேலை கிடைத்ததா என்பதை நான் சொல்லப்போவதில்லை. கிடைத்தது என்று நினைக்கிறவர்கள், அடுத்த சனிக்கிழமை அலமாரியில் சமையல் புத்தகங்களைக் கடல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் மாற்றிவைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதமாக நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். கிடைக்கவில்லை என்று நினைக்கிறவர்கள், பெர்னாரின் மருமகனைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், அவனும் யாரோ பெற்ற பிள்ளை. எது நடந்திருந்தாலும் மாதக் கடைசியில் மிஞ்சுவது இனி எனக்கு மிஞ்சியது. என்ன வாங்குவதென்று தெரியாமல் நிற்கிறேன், தெரியாமல் நிற்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் எழுத வேண்டியது பெலட்டியேவின் அந்தக் கேள்விக்கும் அவர் முடிவுக்கும் நடுவில் நடந்த ஒன்று. அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

புத்தக வரிசையின் கடைசியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. மதாம் பூஷே வெளியே வந்தாள். நாங்கள் பேசியது முழுவதும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் மனைவி தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள், அவள் கையில் இருந்தது அந்தப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே ரெமியின் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. போல்கா தட்டுகளுக்குப் பின்னால் ஓட எனக்கு நேரமில்லை.

"மதாம்," என்றார் பெலட்டியே, "இந்தச் சீட்டு எழுதினவன் யாருன்னா..." சொல்லத் தெரியாமல் என் பக்கம் திரும்பினார். நீயே சொல் என்பதுபோல் இருந்தது.

"அது நான் எழுதினது," என்றேன்.

மதாம் பூஷே என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக இல்லாமல் நேராக அவள் என்னைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"நல்ல புத்தகம்," என்றேன். நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. "நடுவுல முழுக்க எண்ணெய், திரி, மூடுபனி, அதே திரும்பத் திரும்ப வரும். தங்கச்சி பதில் போடறதே இல்ல. ஆனா நிறுத்திடாதீங்க. கடைசிக் கடிதம் மட்டும்... அத பஸ்ல வெச்சுப் படிக்காதீங்க மதாம். வீட்ல படிங்க."

அவள் விலையைப் பார்த்து, சரியான பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சீட்டை உருவினாள். அது கடைச் சீட்டு, எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மதாம் பூஷே அதை இரண்டாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டு, வெளியே போனாள்.